உமாமகேஸ்வரிக்கு ஒரு பொன்னாடை

எங்கள் முதலாளி அண்ணாதுரை சாருக்குக் காலையில் காரில் வரும்போது ஏதாவது தோன்றும். அலுவலகத்துக்குள் காலெடுத்து வைத்ததும் அது நேராக என் தலையில் வந்து விழும். இந்த வருஷம் விழுந்தது பெண் சமத்துவம்.

“சாயிரா, மார்ச் மாசம் தேக்காவுல ஹால் எடுத்துப் பெருசா ஒரு ஈவன்ட் பண்றோம். பேச்சைக் கேட்டா உடம்பு சிலிர்க்கணும். அந்த மாதிரி லேடி ஸ்பீக்கர்ஸ் பாருங்க. நீங்கதானே எச்.ஆர்.”

நான் எச்.ஆர். மட்டுமா? எங்களுடையது கன்டெய்னர் லாரிக் கம்பெனி. சம்பளம் போடுவது, லீவு பார்ப்பது, ஓட்டுநர் வீட்டுக்காரம்மா போன் செய்து அழுதால் ஆறுதல் சொல்வது, ஏர்கான் ஒழுகினால் ஆள் கூப்பிடுவது எல்லாமே இந்தச் சாயிரா பானுதான். அதோடு இதுவும் சேர்ந்தது.

அவரே சில பெயர்களை யோசித்து வைத்திருந்தார். தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டும் பெண்மணி, எங்கோ பனிமலை ஏறியவர், ஊர் ஊராகப் போய்க் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊக்கம் கொடுக்கும் ஒருவர். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“மலை ஏறினவங்க வந்து நம்ம கிளார்க் பிள்ளைங்களுக்கு என்ன சார் சொல்வாங்க? நம்ம யார்டுலயே ஒருத்தி டிரெய்லரை ஒரே திருப்புல ரிவர்ஸ் எடுத்து நிறுத்துறா. அவள விடவா?”

“யாரு, உமாவா? அது வாயே திறக்காதே.”

“நான் திறக்க வைக்கிறேன்.”

என்ன வாய்க்கொழுப்பு எனக்கு. 

உமாமகேஸ்வரிதான் எங்களிடம் டிரெய்லர் ஓட்டும் ஒரே பெண். அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள் லைசென்சோடு வேலை கேட்டு வந்தார்கள். லாரிகள் நிற்கும் யார்டில் லேடீஸ் டாய்லெட் இல்லை என்று சார் திருப்பி அனுப்பிவிட்டார். டாய்லெட் கட்டுவதைவிடச் சமத்துவ விழா எடுப்பது அவருக்குச் சுலபம். உமா மேடையேறிப் பேசிவிட்டால், வந்திருக்கிற நாலு வியாபாரிகள் முன்னால் மனிதர் அந்தச் சாக்கை இனிமேல் சொல்ல முடியாது. நான் போட்ட கணக்கு அதுதான்.

மத்தியானத்தில் உமா லாரிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வேணாங்க்கா. வேற யாரையாச்சும் பாருங்க.”

“ஏன் லா? கொஞ்ச நேரம் பேசப்போற. யாரு உன்னைக் கடிச்சுத் தின்னப்போறா?”

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். அவள் இங்கே பிறந்தவள்; கல்யாணமாகி எல்லை தாண்டி ஜொகூருக்குப் போனவள். கணவன் செல்லக்கண்ணுக்கு அங்கே ஒரு பட்டறையில் வேலை. வெளியில் யாரிடமும் குரலை உயர்த்தமாட்டானாம். அக்கம்பக்கத்தில் தங்கமான மனுஷன் என்று பெயராம்.

“எதையும் வெளியில தெரியற மாதிரி கையில பிடிச்சுட்டு வரமாட்டான் க்கா. துண்டை மடிச்சுக் கையில போட்டுக்கிட்டு வருவான். அதுக்குள்ள இருக்கும். ஒரு நாள் பெல்ட்டு. ஒரு நாள் ஸ்பேனர். துண்டைப் பார்த்தாலே பிள்ளை மேசைக்கு அடியில போயிடும்.”

மகள் நிரஞ்சனா பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே அவளைத் தூக்கிக்கொண்டு எல்லைப் பாலமான காஸ்வேயைக் கடந்து வந்துவிட்டாள். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கி, விவாகரத்தும் வாங்கினாள். பழைய தோழிகள், சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் விலாசம் கொடுக்கவில்லை. இப்போது நிரஞ்சனாவுக்குப் பதினான்கு வயது.

“உத்தரவு பேப்பரு இருக்கு. ஆனா அது வாசல்ல நின்னு காவல் காக்குமா? இன்னும் படுக்கறதுக்கு முன்னாடி சோபாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுத்தான் படுக்கிறோம். அவ ஒரு பக்கம் பிடிப்பா, நான் ஒரு பக்கம்.”

அத்தோடு நான் இறங்கி வந்திருக்க வேண்டும். வந்தேனா? போஸ்டரில் பெயர் போடமாட்டோம், போட்டோ போடமாட்டோம், ஹாலில் இருப்பவர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள், இரண்டு பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்று அவள் மனசைக் கரைத்தேன். ஒரு வாரம் யோசித்தாள்.

“பேரு மட்டும் வெளியில போகக்கூடாது க்கா.”

“அல்லாஹ் மேல ஆணையா போகாது.”

போஸ்டரில் மற்ற பேச்சாளர்களின் படமும் பெயரும் இருந்தன. உமாவின் இடத்தில் ‘நம் கம்பெனியின் பெண் ஓட்டுநர்’ என்று மட்டும் போட்டு, ஒரு லாரிப் படம் வைத்தேன். திரும்பத் திரும்பப் பார்த்துச் சரி செய்தேன். அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் ஆட்களின் விழா வாழ்த்துமடல் இல்லாமல் நடக்குமா? பேச வருகிறவர்களைப் புகழ்ந்து எழுதி, தங்க நிறப் பூவேலை போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, மேடையில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் கையில் கொடுத்தால்தான் நமக்குத் திருப்தி. நானும் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். மற்றவர்களுக்கெல்லாம் நாலு வரியோடு முடித்துக்கொண்டேன். உமாவுக்கு மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினேன். ‘உழைப்பின் உருவே, உட்லண்ட்ஸ் தந்த உமாமகேஸ்வரியே’ என்று வந்து விழுந்ததும் எனக்கே புல்லரித்தது. கீழே கம்பெனி பெயர், தேதி எல்லாம் போட்டுத் நம் ஆட்களின் கடைத்தெருவான தேக்காவில் ஜாஃபர் பாயின் அச்சுக்கடையில் கொடுத்தேன். ஹாலுக்குள் வாசிப்பதுதானே என்ற நினைப்பு. பெயர் வெளியே போகக்கூடாது என்று ஜாஃபரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.

ஜாஃபருக்கு ஒரு வழக்கம். அழகாக வந்த வேலையைப் படம் பிடித்து ‘எங்கள் கைவண்ணம்’ என்று பேஸ்புக்கில் போட்டுவிடுவார். தேக்காவில் எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதான்.

விழா வாரத்துச் செவ்வாய்க்கிழமை அலுவலக போன் அடித்தது.

“வணக்கம் தங்கச்சி. நம்ம உமாமகேஸ்வரிக்கு உங்க கம்பெனியில பாராட்டாமே. கேள்விப்பட்டதும் மனசு நெறஞ்சு போச்சு.”

இதமான குரல். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற டாக்டர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

“நீங்க யாரு அண்ணே?”

“நான் அவளுக்கு அண்ணன்தான். குடும்பத்துல சின்ன மனஸ்தாபம், தொடர்பு விட்டுப்போச்சு. நேர்ல வந்து ஒரு பொன்னாடை போர்த்தி ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிடறேன். எந்த ஹாலு, எத்தனை மணிக்குப் பேசுறா?”

நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் தங்கச்சி என்று கூப்பிட்டால் மனசு இளகத்தான் செய்கிறது. ஹால் பெயரைச் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன். லிஃப்ட் மெதுவாக வரும், படியிலேயே ஏறிவிடுங்கள் என்று அதையும் சொன்னேன். பிரிந்த குடும்பம் என் விழாவில் ஒன்று சேரப்போகிறது என்று பூரிப்பு வேறு.

“அவகிட்ட இப்பவே சொல்லிடாதீங்க தங்கச்சி. திடீர்னு பார்க்கட்டும்.”

நல்லவேளை, என் வாயில் எதுவும் நிற்காது. சாயங்காலம் உமா லாரிச் சாவியை மாட்ட வந்தபோது உளறிவிட்டேன். “உன் அண்ணன் போன் பண்ணாரு. விழாவுக்கு வர்றாராம். உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு.”

உமா சாவியை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு அண்ணன் கிடையாதே க்கா. நான் ஒத்தப் பிள்ளை.”

 யா அல்லாஹ், லிஃப்ட் மெதுவாக வரும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேனே.

எப்படித் தெரிந்திருக்கும் என்று குடைந்து குடைந்து பார்த்தோம். கடைசியில் உமாதான் என் கைப்பேசியில் ஜாஃபர் கடையின் பக்கத்தைத் திறந்தாள். அங்கே தங்கப் பூவேலையோடு என் வாழ்த்துமடல் ஜொலித்துக்கொண்டிருந்தது. நிறையப் பேர் பாராட்டி எழுதியிருந்தார்கள். பலர் தங்கள் நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் ஜாஃபரைக் கூப்பிட்டுக் கத்தினேன். பாவம், பதறிப்போய் உடனே அழித்துவிட்டார்.

“அழிச்சுட்டேன் மா. ஆனா ஷேர் பண்ணவங்ககிட்ட இருக்குமே, அதுக்கு என்ன செய்ய?”

உமா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், “நாங்க குடியிருக்கிற இடத்தையும் போட்டிருக்கீங்க, உட்லண்ட்ஸ்னு” என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கே பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பாதுகாப்பு உத்தரவு இருப்பதால் அவன் பக்கத்தில் வந்தாலே குற்றம்தான், கண்ணில் பட்ட உடனே கூப்பிடுங்கள் என்றார்கள். சரி, கண்ணில் படும்வரை என்ன செய்வது? தாயையும் மகளையும் ஈசூனில் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். என் மகன் அதீஃப் தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருந்தான். அவன் அறை காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் ரஃபீக் ஒரு கேள்வி கேட்காமல் படுக்கை விரிப்பை மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் என் சோபா வாசல் கதவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நிரஞ்சனா பள்ளிச் சீருடையில் வந்து, “சாரி ஆன்ட்டி, நாங்களே திருப்பிப் போட்டுடறோம்” என்றாள். அது அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி தினப்படி வேலை. நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

“விழாவே வேண்டாம் உமா. சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “ஹால்ல இல்லாட்டி ஸ்கூல் வாசல்ல வருவான். இல்லாட்டி புளோக்குக்குக் கீழ வந்து நிப்பான். எங்க வருவான், எப்ப வருவான்னு தெரியாமத்தான் க்கா இத்தனை வருஷமா செத்துச் செத்துப் பிழைக்கிறேன். இந்தத் தடவை எனக்கு இடமும் தெரியும், நேரமும் தெரியும். அங்க வெளிச்சம் இருக்கு. ஆளுங்க இருக்காங்க. வரட்டும்.”

“வந்தா?”

“வந்தா போலீசு இருக்கு. எனக்குப் பயமில்லன்னு நினைக்காதீங்க. ”

அண்ணாதுரை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கெட்டவரில்லை, பதறித்தான் போனார். வாசலுக்கு இரண்டு காவலர்களைப் பிடித்தார். உமா கொடுத்த பழைய போட்டோவை அவர்களிடம் காட்டினார். அதில் செல்லக்கண்ணு சுருட்டை முடியும் அடர்ந்த மீசையுமாகக் கல்யாண மாலையோடு நின்றான்.

“இந்த மீசையை மறைக்க முடியுமா? வாசல்லயே மடக்கிடுவாங்க.”

“சார், பொன்னாடை போடறதே வேணாம். அவன் போன்ல அதைத்தான் சொன்னான். யாரையும் மேடைக்கு விடாதீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “ஊரையே அழைச்சுட்டு, பொன்னாடையோட வர்றவரை வேணாம்னு சொன்னா நம்ம மரியாதை என்ன ஆகும் சாயிரா? தெரிஞ்சவங்க மட்டும்தான் போடுவாங்க. நானே கூப்பிட்டு ஏத்துறேன், போதுமா?”

போதாது என்று சண்டை போட்டிருக்க வேண்டும். நம் விழாக்களில் பொன்னாடை என்றால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது எனக்கும் ஊறிப்போன விஷயம். வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் தேக்காவில் கால் வைக்க இடமில்லை. ஹால் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடி. நிரஞ்சனாவை ஈசூனிலேயே ரஃபீக்கோடு விட்டுவிட்டு வந்திருந்தோம். கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், யார் தட்டினாலும் திறக்காதீர்கள் என்று சொல்லியும் மனசு கேட்காமல் அடிக்கடி கூப்பிட்டேன். கடைசியில் ரஃபீக், “பிள்ளை என்னை கேரம்ல தோக்கடிச்சுட்டு இருக்கு, நீ உன் வேலையைப் பாரு” என்றார்.

என் வேலை வாசலில் நிற்பது. படியேறி வந்த ஒவ்வொரு ஆணையும் முறைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை தேடும்போதுகூட ஆண்களை நான் இப்படிப் பார்த்ததில்லை. மீசை வைத்த ஒருவரை நிறுத்திப் பெயர் கேட்டேன்; அவர் எங்களுக்கு டயர் கொடுக்கிறவராம், கோபித்துக்கொண்டார். சுருட்டை முடியோடு ஒருவர் வந்ததும் கைகாட்டிக் காவலர்களைக் கூப்பிட்டேன். அவர் கேட்டரிங்காரர். யாராவது என்னிடம் பேசினால் முதலில் அந்தக் குரலா என்றுதான் காது பார்த்தது.

மலை ஏறியவர் பேசினார். சமையல் பெண்மணி பேசினார். என் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. பிறகு உமா எழுந்து ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள். நீலப் புடவை கட்டியிருந்தாள். எழுதி வைத்திருந்த தாளை அவள் பிரிக்கவேயில்லை.

“காலையில வண்டி எடுத்தா சாயங்காலம் வரைக்கும் நான் தண்ணி குடிக்கமாட்டேன்” என்று ஆரம்பித்தாள். “ஏன்னா எங்க யார்டுல பொம்பளைங்களுக்கு டாய்லெட் கிடையாது.”

சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் அண்ணாதுரை சார் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உமா சுற்றி வளைக்காமல், லாரி ஓட்டுகிற மாதிரியே நேராகப் பேசிக்கொண்டு போனாள். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. என் கண்ணும் அங்கேதான். பேச்சு முடிந்தது. கைதட்டல் ஓயவே இல்லை. வாசலில் ஒருவரும் வரவில்லை.

 வரமாட்டான், போலீசுக்குப் போனது தெரிந்து பயந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாழ்த்துமடலைத் தூக்கிக்கொண்டு மேடைப்படி அருகில் போய் நின்றேன். சார் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். டயர்காரர் ஏறினார், நகைக்கடைக்காரர் ஒருவர் ஏறினார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, பொன்னாடையை உதறி விரித்துக்கொண்டே படியேறி, உமாவின் தோளில் போர்த்தி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்கினார்கள்.

“அடுத்து, நம்ம சகோதரியை வாழ்த்துறதுக்குன்னே மலாக்காவுலேர்ந்து வந்திருக்காரு. அங்க தமிழ்ச் சங்கத்துல பெரிய பொறுப்புல இருக்கிறவரு. முந்தாநாள் என்கிட்ட போன்ல பேசினப்பவே நெகிழ்ந்து போயிட்டாரு. ஐயா, வாங்க.”

முன்வரிசையில், சாருக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தார். ஒல்லியான உடம்பு, வழுக்கைத் தலை, மழித்த முகம், மூக்குக்கண்ணாடி. இவ்வளவு நேரமும் அங்கேதான் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். சாரே வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனதை நான் பார்த்திருந்தேன். இடது கையில் சிவப்புப் பொன்னாடை மடித்தபடி கிடந்தது. அவர் அதை விரிக்கவில்லை.

படியருகே வந்து என் முன்னால் நின்றார்.

“கொஞ்சம் வழி விடுங்க தங்கச்சி.”

அதே குரல்.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். நாள் முழுக்க ஊரை அதட்டுகிற என்னால் கத்த முடியவில்லை. விலகவும் முடியவில்லை, கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கண்ணாடிச் சட்டம் மட்டும் இருந்தது. “தங்கச்சி” என்றான் மறுபடியும், அதே இதத்தோடு. அவன் வலது கை பொன்னாடைக்கு அடியில் போனது.

“சார், அவரைப் பொன்னாடையை விரிக்கச் சொல்லுங்க.”

உமாதான். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். 

சார் சிரித்தார். “என்னம்மா உமா, ஆசையா வந்திருக்காரு பெரியவரு.”

“விரிச்சுக் காட்டச் சொல்லுங்க சார்.”

செல்லக்கண்ணு முன்வரிசையைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தான். “வெக்கப்படுது” என்றான். ஓரிருவர் சிரித்தார்கள்.

“ஒரே ஒரு தடவை விரிச்சுக் காட்டட்டும்” என்றாள் உமா. “நானே கீழ இறங்கி வந்து, தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிறேன். எல்லாரும் விரிச்சுத்தானே போட்டாங்க. இவருக்கு மட்டும் என்ன?”

 ஒரு பொன்னாடையை உதற எவ்வளவு நேரமாகும்? அவன் உதறவில்லை. மடிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். எல்லோரும் அந்த மடிப்பையே பார்த்தார்கள். முன்வரிசையில் நகைக்கடைக்காரரின் மனைவி நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. 

அவன் என்மேல் மோதினான். சட்டத்தின் கண்ணாடி என் நெஞ்சோடு உடைந்தது. நான் படியில் சரிந்தேன். அவன் என்னைத் தாண்டுவதற்குள் வாசலிலிருந்து ஓடி வந்த காவலர்கள் பின்னாலிருந்து கையைப் பிடித்து முறுக்கிவிட்டார்கள். பொன்னாடை கீழே விழுந்து, தானாகவே விரிந்தது. உள்ளே கத்தி. புத்தம் புதுசு. பிடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட அவன் கிழிக்கவில்லை. எல்லைச் சோதனைச்சாவடியில் பையைச் சோதிப்பார்கள் என்று தெரிந்தவன். இங்கே வந்து இறங்கிய பிறகு, இதே தேக்காவில், கடை கடையாக ஏறி நிதானமாகப் பார்த்து வாங்கியிருக்கிறான்.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. போகும்போதும் அவன் குரலை உயர்த்தவில்லை. “குடும்ப விஷயம் சார், புருஷன் பொண்டாட்டி சண்டை” என்று இதமாக விளக்கிக்கொண்டே போனான்.

அண்ணாதுரை சார் காலி ஹாலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என் பக்கத்துல உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டாரு சாயிரா. நானே எடுத்துக் கொடுத்தேன்.” நான் அவரைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அவனுக்குப் படியேற வழி சொன்னவள் நான் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

உமாவுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.  நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னாலதான் எல்லாம். என்னை மன்னிச்சுடு உமா.”

“நீங்க அங்கேர்ந்து நகரலயே க்கா.”

“தைரியத்துல நிக்கல டி. பயத்துல கால் வரல.”

“எதுல நின்னா என்ன” என்றாள்.

வாக்குமூலம் எழுத வந்த பெண் போலீஸ் தமிழ்ப் பெண்தான். எழுதி முடித்ததும் உமா அவளிடம் கேட்டாள். “எத்தனை வருஷம் உள்ள வைப்பாங்க?”

“அது இப்ப சொல்ல முடியாது மா. கோர்ட்தான் முடிவு பண்ணும்.”

“என் பொண்ணு ஸ்கூல் முடிக்கிற வரைக்குமாச்சும் இருப்பானா?”

அந்தப் பெண் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தாள். 

மக்ரிபு தொழுகை நேரத்துக்கு ஈசூன் வந்து சேர்ந்தோம். உமா மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். நிரஞ்சனா அழவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே, “அப்போ இன்னைக்கு சோபா?” என்று கேட்டாள்.

“இன்னைக்கு அது இடத்துலயே இருக்கட்டும்.”

“நாளைக்கு?”

உமா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, “இன்னைக்கு இருக்கட்டும் மா” என்றாள்.

இருவரும் உட்லண்ட்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வெளி இரும்புக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். திரும்பி வந்து மறுபடியும் பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவன் போலீஸ் காவலில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நடைபாதையில் யாரோ பேசிக்கொண்டு போன சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டுக்காரர்தான்.

நான் சோபாவின் ஒரு முனையைப் பிடித்து வாசல் கதவுப் பக்கம் இழுத்தேன். கனமாக இருந்தது. ரஃபீக் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுமுனையைப் பிடித்தார்.